தாகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே

இலங்கையின் தம்புள்ளைக் குகைகளின் நெற்றியில் ஒரு வெட்டு ஓடுகிறது. பாறையில் வழியும் மழைநீர் உள்ளே நுழைந்துவிடாமல் அந்த விளிம்போடு தடைப்பட்டு வெளியே விழவேண்டும் என்பதற்காக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பிக்குகள் தங்கும் இடத்துக்கென்று செதுக்கப்பட்ட நீர்வடி விளிம்பு அது. அதற்குக் கீழே பழைய பிராமி எழுத்துகள். தண்ணீரை வெளியே நிறுத்த இவ்வளவு பாடுபட்ட அதே பாறையில், இரண்டாம் குகையான மகாராஜ விகாரைக்குள், கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கலம் வைத்து ஏந்துகிறார்கள். கலத்தைச் சுற்றி வேலியும் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை என்பது ஊரின் நம்பிக்கை.

ஒரே பாறையில் ஒரு நீர் விலக்கப்படுகிறது, இன்னொரு நீர் வணங்கப்படுகிறது. படியிறங்கி வீதிக்கு வந்தால் இந்தப் பாகுபாடு இன்னும் நீள்கிறது. சுற்றுலாப் பயணியின் கையில் விலைக்கு வாங்கிய போத்தல். மரக்கறிக் கடைக்காரரின் மேசைக்கடியில் ‘பில்டர் தண்ணி’ நிரப்பிய ஐந்து லீற்றர் கான். குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவ, கிணற்றுத் தண்ணீர் குளிக்க. ஊரைச் சுற்றிக் கண்டலமக் குளம், இப்பன்கட்டுவக் குளம், தம்புலு ஓயா நீர்த்தேக்கம். இப்பன்கட்டுவவில் அகழ்ந்தெடுத்த பெருங்கற்கால ஈமக்காடு ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையானது. அவ்வளவு காலமாக மனிதர் இங்கே நீரை ஒட்டி வாழ்ந்து பழகியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், உச்சிவெயில் வரை ஒரு மிடறு இறங்காமல் வேலை செய்கிறவர்கள் ஏன் இத்தனை பேர்?

ஆசுபத்திரிச் சுவரும் பள்ளிப் பாடப்புத்தகமும் கைப்பேசிச் செய்தியும் இதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன: நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ். இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்த உடலியங்கியல் அறிஞர் ஹைன்ஸ் வால்ட்டின், 2002இல் எழுதிய கட்டுரையில், அதற்குத் தக்க ஆய்வு ஆதாரம் எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்றார். 1945இல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் அளவில் நீர் வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று கூடவே சொல்லியிருந்தது. முன்வரி ஊர் ஊராகப் பரவியது, பின்வரி அங்கேயே தங்கிவிட்டது. சோறு தின்னும் நமக்கு அந்தப் பின்வரி இன்னும் பொருந்தும். வெந்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

உடல் கிளாஸ் எண்ணுவதில்லை. இரத்தத்தின் உப்புச் செறிவு ஒன்றிரண்டு வீதம் ஏறினாலே மூளையின் அடியிலிருக்கும் உணரிகள் அதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. தாகம் எழுகிறது. நீரை வெளியே விடாதே என்று வாசோபிரசின் என்னும் சுரப்பு சிறுநீரகங்களுக்குச் சொல்கிறது. அவை ஒரு நாளில் வடிகட்டும் ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தில் ஒன்றிரண்டு லீற்றர்தான் சிறுநீராகிறது. மிகுதி திரும்பவும் உடலுக்குள்ளேயே போகிறது. முதுமையில் தாக உணர்வு மங்கும் என்பது உண்மை. அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து உயிருக்கு ஆபத்தாகும் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் உண்டு. இந்த விலக்குகள் போக, நிழலில் வாழும் நலமான ஒருவருக்குத் தாகமே போதிய வழிகாட்டி. தாகம் எடுக்கும்போது எழுந்துபோய்க் குடிக்கலாம், குடித்த பிறகு எழுந்துபோய் வரலாம் என்ற நிலை அவருக்கு இருக்கிறது. அறிவுரை எழுதப்பட்டிருப்பதும் அவருக்காகத்தான்.

மற்றவர்களுக்குத் தாகம் எடுக்காமல் இல்லை. தாகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. தம்புள்ளை அந்தத் தூரத்தை அளந்து பார்க்க நல்ல இடம்.

*

ஊரை ஊடறுத்துப் போகும் ஏ9 வீதி இன்று லொறிகளின் வீதி. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கமாகத்தான் தமிழர்கள் நடந்து வந்தார்கள். கண்டி, மாத்தளை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சி, இராமநாதபுரம் பக்கத்து ஏழைகள் கங்காணிகளின் பின்னால் வந்து, பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரைக்கும் ஏறக்குறைய 150 மைல் காட்டுவழி. வடபாதை என்று அதற்குப் பெயர். கோடையில் குளங்கள் வற்றிக் கிடக்கும் உலர் வலயம். காய்ச்சல், வாந்திபேதி. வழியில் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு நடக்க யாருக்கும் தெம்பில்லை.

1841 முதல் 1848 வரை சுமார் 70,000 பேர் மாண்டதாக 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை கணக்குச் சொன்னது. அந்தத் தொகை மிகை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. தொகையில் சண்டை பிடிக்கலாம். வழி நெடுகப் புதைகுழி இருந்தது என்பதில் சண்டை இல்லை. உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களின் நன்றியில் எழுந்தது மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். மழைக்கும் அம்மைக்கும் உரியவளை, வேப்பிலையும் மஞ்சள் நீரும் கொண்டு குளிர்விக்க வேண்டிய தெய்வத்தை, அந்த நடையை முடித்தவர்கள் தேர்ந்துகொண்டதற்கு விளக்கம் தேவையில்லை.

வாந்திபேதியால் சாகிறவர் உண்மையில் நீரிழப்பால்தான் சாகிறார். கடுமையான நோயில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லீற்றர்கூட வெளியே போகும். உடல் வற்றி, இரத்தம் தடித்து, நாடி விழுகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் குடல் அதை ஏற்பதில்லை. உப்போடு சர்க்கரையும் சேர்ந்து போனால் நீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு உள்ளே போகும். இவ்வளவு எளிய காரியம் விளங்க 1960கள் ஆயின. 1971இல் வங்காளதேச அகதிகள் வந்து குவிந்த பொங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகாலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் உறவினரையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். முப்பது வீதம் அளவில் இருந்த சாவு, நான்கு வீதத்துக்குக் கீழே இறங்கியது. இலங்கையில் அந்த உப்புச் சர்க்கரைப் பொடி ‘ஜீவனி’ என்ற பெயரில் பார்மசியில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. வடபாதையில் இறந்தவர்களுக்கும் பிழைப்புக்கும் நடுவே இருந்தது கொதிக்கவைத்த நீர், ஒரு பிடி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஊட்டிவிட ஒரு கை. அந்தக் கை நின்று நிதானிக்க நேரம். கங்காணிக்கு அந்த நேரம் இல்லை. தோட்டத்தில் கோப்பி பழுத்துக்கொண்டிருந்தது.

1976இல் பொல்கொல்லவில் மகாவலி திருப்பப்பட்டது. மலையின் நீர் சுரங்கவழியே சுது கங்கைக்கும், அங்கிருந்து அம்பன் கங்கைக்கும் வந்தது. பின்னர் போவத்தென்ன அணையிலிருந்து இன்னொரு சுரங்கம் அதைத் தம்புள்ளைப் பக்கம் கொண்டுவந்து, தம்புலு ஓயா வழியாகக் கலாவெவவுக்கு அனுப்பியது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய குளம் அது. மாத்தளையிலிருந்து தம்புள்ளை ஊடாக வடக்கே என்று நீர் போகும் திசை, ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளர் வந்த திசைக்கு நேர்மாறு. தாகம் நடந்து ஏறிய வழியில் ஒரு நூற்றாண்டு கழித்துத் தண்ணீர் இறங்கிப் போனது. அந்த நீர் பிறக்கும் மலைகளில், நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் லயத்துக்குப் பின்னால் உள்ள பீலியில் இன்னும் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். நீர் ஓடிய தூரம் பொறியியல் கணக்கு. அது யாரைத் தாண்டி ஓடியது என்பது வேறு கணக்கு.

*

நீர் வந்து சேர்ந்த சமவெளியில் புதிய வருத்தமொன்று காத்திருந்தது. 1990களில் அநுராதபுரம் ஆசுபத்திரிக்கு வந்த சிறுநீரக நோயாளிகளில் பலருக்கு நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. பெரும்பாலும் நடுவயது ஆண்கள், விவசாயிகள். நோய் சத்தமில்லாமல் முற்றி, கால் வீங்கும்போதுதான் வெளியே தெரிந்தது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, கிராந்துருகோட்டே என்று ஊர்ப் பெயர்கள் சேர்ந்துகொண்டே போயின. மாத்தளை மாவட்டத்தில் வில்கமுவ அந்தப் பட்டியலில் இருக்கிறது. காரணம் காண முடியாத நீடித்த சிறுநீரக நோய் என்று மருத்துவர்கள் அதைக் குறித்தார்கள். கட்மியம், ஆர்செனிக், புளோரைட், நீரின் வன்தன்மை, பூச்சிகொல்லி, களைகொல்லி, நீலப்பச்சைப் பாசி என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றப்பட்டன. 2015இல் அரசு கிளைபோசேட்டைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. ஒற்றைக் குற்றவாளியின் பெயர் இன்னும் தீர்ப்பில் எழுதப்படவில்லை.

சந்தேகப் பட்டியலில் வெயிலும் உண்டு. நாளுக்கு ஆறு மணிநேரத்துக்கு மேல் வயலில் நிற்பது, மூன்று லீற்றருக்குக் குறைவாகக் குடிப்பது, கிணற்று நீரை மட்டும் நம்புவது, முன்னர் மலேரியா கண்டிருப்பது ஆகியவை நோயோடு சேர்ந்து வருவதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உலர் வலய விவசாயி என்ன செய்வார்? குறைத்துக் குடித்தால் சிறுநீரகம் வற்றுகிறது. நிறையக் குடித்தால், குடிப்பது அந்தக் கிணற்று நீரைத்தான். குடிநீரில் புளோரைட் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. வெப்ப நாடுகளில் மனிதர் கூடுதலாகக் குடிப்பதால் அந்த எல்லையை அங்கே இன்னும் இறக்கவேண்டியிருக்கும் என்றும் அது சொல்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். புளோரைட் போகாது, நீர் வற்ற வற்றச் செறியும். தண்ணீர் குடியுங்கள் என்ற ஒரே வாக்கியம் மருந்தாகவும் நஞ்சாகவும் காதில் விழ, அவர் இருதலைக்கொள்ளி எறும்பாக நிற்கிறார்.

அதற்கு விடையாக வந்தது நீரைச் சவ்வில் வடித்துத் தூய்மையாக்கும் ஆர்.ஓ. இயந்திரம். கிராமத்துச் சந்திகளில் சிறு கட்டடங்கள் எழுந்தன. கானோடு வந்து காசு போட்டு நிரப்பிக்கொண்டு போகலாம். தேத்தண்ணியின் நிறம் மாறியது, கேத்தலின் அடியில் வெள்ளை படிவது நின்றுபோனது. இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் தம்புள்ளை, கலேவெல பக்கத்து வயல்களில் நான் கவனித்த ஒன்று உண்டு. முன்னர் வயலுக்குப் போகிறவர் தாகம் வந்தால் பக்கத்துக் கிணற்றிலோ வாய்க்காலிலோ குனிந்து குடித்தார். இன்று அந்த நீரைத் தொட அவருக்குப் பயம். வீட்டிலிருந்து ஒரு போத்தல் பில்டர் தண்ணி எடுத்துவருகிறார். பத்து மணிக்குள் அது முடிந்துவிடும். பிறகு வீடு திரும்பும் வரை பொறுத்துக்கொள்கிறார். நீர் தூய்மையானது, கூடவே வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெயில் இருக்கும் இடத்தில் நீர் இல்லை, நீர் இருக்கும் இடத்தில் வெயில் இல்லை.

இதே நோயின் உறவுக்காரன் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இருக்கிறான். எல் சால்வடோரிலிருந்து 2002இல் வந்த மருத்துவ அறிக்கைக்குப் பிறகு உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. நிக்கராகுவாவில் இளம் கரும்பு வெட்டிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். கொதிக்கும் வெயிலில் கடும் உழைப்பு, நாளுக்கு நாள் திரும்பத் திரும்ப நிகழும் நீரிழப்பு என்று அங்கே சந்தேகம் வலுத்தது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்திலும் இப்படியொரு கதை. நிக்கராகுவாவில் பரிசோதித்துப் பார்த்த தீர்வு மூன்று சொற்களில் அடங்கும்: நீர், ஓய்வு, நிழல். வயலோரத்தில் கூடாரம், கையெட்டும் தூரத்தில் குடிநீர், கட்டாய இடைவேளை. முதலில் செய்த ஏற்பாடுகளின் பலன் போதவில்லை. இடைவேளைகளைக் கூட்டி அவற்றை உண்மையாகவே கடைப்பிடித்த பருவங்களில்தான் சிறுநீரகக் காயம் தெளிவாகக் குறைந்தது. குடிநீர்ப் பிரச்சினை என்று நாம் எண்ணியதில் பாதி நேரப் பிரச்சினை.

*

வெங்காய அறுவடைக் காலத்தில் சீகிரியாப் பக்கத்து வயலொன்றில் கூலிக்கு வந்திருந்த ஓர் அக்காவோடு பேசிக்கொண்டு நின்றேன். மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து நாட்கூலிக்கு வருகிறவர். வரப்பில் அவருடைய போத்தல் நிறைந்தபடியே கிடந்தது.

“ஏன்க்கா, தண்ணி குடிக்கலியா?”

“குடிச்சா ஒதுங்க எங்க தம்பி போறது? சுத்திவர வெங்காயந்தானே.”

வெங்காயத் தாள் முழங்காலுக்கு மேல் வளராது. நெல்லோ கரும்போ தரும் மறைவு அங்கே இல்லை. அவருடைய கணக்கு எந்த மருத்துவருடைய கணக்கையும்விடத் துல்லியமானது: காலை ஆறு மணிக்கு வீட்டில் ஒரு தேத்தண்ணி, பிறகு மாலை ஐந்து மணிக்கு வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். இடைப்பட்ட நேரத்தில் உதடு நனைக்க மட்டும். இப்படி அடக்கிப் பழகிய உடலில் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களை நாளுக்கு ஒன்றரை லீற்றர் நீர் கூடுதலாகக் குடிக்கச் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. தண்ணீர் மருந்து என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. அந்த ஒன்றரை லீற்றரைக் குடிக்க இந்த அக்காவுக்கு முதலில் வேண்டியது, தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு.

அங்கிருந்து அந்த வெங்காயம் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகிறது. 1999இல் தொடங்கிய அந்தச் சந்தைக்குள் நாட்டின் எல்லாப் பக்கத்து லொறிகளும் வருகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவையும் உண்டு. மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் தலையில் சாக்கோடு ஓடுகிறார்கள். கூலி மூட்டைக் கணக்கில். நின்று ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அடுத்தவர் ஒரு மூட்டையைக் கொண்டுபோய்விடுவார். அப்படிக் கூலி கொடுக்கும் இடத்தில் ஒவ்வொரு மிடறும் தொழிலாளியின் சொந்தப் பணத்தில் குடிக்கப்படுகிறது. ஆகவே இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை சீனி கூடப் போட்ட பிளேன்டீ, இல்லாவிட்டால் சோடா. தெம்பும் வரும், நேரமும் மிஞ்சும். லொறிச் சாரதிக்கும் இதே கணக்குத்தான்: குடித்தால் நிறுத்தவேண்டும், நிறுத்தினால் விடியற்சந்தை தவறும்.

கடும் வெப்பத்தில் உழைப்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை நீர் குடிக்கவேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாகம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம் என்கிறது. நிழலில் இருப்பவருக்குப் போதுமான வழிகாட்டி வெயிலில் நிற்பவருக்குப் பிந்தி வருகிறது. ஒரு மணிக்கு மூன்று நான்கு தடவை நிறுத்திக் குடிப்பது என்றால், அது மேற்பார்வையாளர் மனம்வைத்து நடக்கும் காரியமாக இருக்க முடியாது.

இது நடக்கவே முடியாத காரியம் என்று சொல்பவர்கள் தம்புள்ளையிலேயே இன்னொரு வெயிலைப் பார்க்கலாம். குளத்தை அண்டிய ரங்கிரி மைதானத்தில் 2001 மார்ச்சில் இலங்கையும் இங்கிலாந்தும் முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டத்தை ஆடின. ஒருநாள் ஆட்டத்தின் ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு தடவை ஆட்டத்தை நிறுத்தி வீரர்களுக்குப் பானம் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. பன்னிரண்டாவது ஆட்டக்காரர் தட்டோடு ஓடிவருவார். நடுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். இலட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பொறுமையாகக் காத்திருப்பார்கள். ஒருவரும் இதைச் சோம்பல் என்று சொல்வதில்லை. மைதானத்து வெயிலும் வெங்காய வயலின் வெயிலும் ஒரே சூரியனிடமிருந்து வருபவை. ஒன்றில் தாகம் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, மற்றதில் அது தனியாள் பலவீனம். கேரளப் பள்ளிகளில் 2019இல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்று தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு அந்த வழக்கம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. மணி அடித்துத் தாகம் எடுப்பதில்லை. குடிக்கப் போகலாம் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வதுதான் அந்த மணி.

*

நமக்கு இது புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் தெருமூடி மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் ஆகியவற்றை அருகருகே காணலாம். நடந்து வருபவருக்கு நிழல், குடிக்க நீர், தலைச்சுமையை யாருடைய உதவியுமின்றி இறக்கி ஏற்ற ஒரு கல், மாட்டுக்கு முதுகு உரச இன்னொரு கல். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் இருந்தது. சிங்கள ஊர்களில் வழியோரத்தில் சிறு கூரைக்குக் கீழே நீர்ப்பானை வைக்கும் ‘பின் தாலிய’ உண்டு. பொசன் காலத்தில் மிகிந்தலைக்குப் போகும் கூட்டத்துக்கு வீதியோரங்களில் பானம் கொடுக்கும் தன்சல் இன்றும் நடக்கிறது. நம் கோயில் திருவிழாக்களில் மோரும் சர்பத்தும் வார்க்கும் தண்ணீர்ப்பந்தல். இவற்றைக் கட்டியவர்களுக்கு நீர் தனியாக வேலை செய்யாது என்று தெரிந்திருந்தது. சுமை இறங்கவேண்டும், நிழல் வேண்டும், நின்று குடிக்க நேரம் வேண்டும். நிக்கராகுவாவில் மருத்துவர்கள் அளவிட்டுச் சொன்ன மூன்றும் கல்லில் இருந்தன.

அதற்காகப் பழையதைக் கொண்டாடிவிட முடியாது. அந்தக் கேணிகளிலும் கிணறுகளிலும் எல்லாக் கையும் இறங்க விடப்படவில்லை. 1927 மார்ச் 20இல் இந்தியாவின் மஹாட்டில் அம்பேத்கர் தலித் மக்களோடு சவுதார்க் குளத்து நீரைக் கையால் அள்ளிக் குடித்தது போராட்டமாக இருந்தது என்றால், அதுவரை அந்த நீர் யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பது தெளிவு. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து குடிப்பதற்குத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நடத்திய போராட்டங்களில் அடியும் உயிரிழப்பும் இருந்தன. அவர்கள் கேட்டது ஒரு கிளாஸ் தேத்தண்ணி. இன்னும் அண்மையில், 2013 ஆகஸ்ட் 1இல், கம்பஹா மாவட்டத்து ரத்துபஸ்வலவில் கிணறுகள் கெட்டுவிட்டன, சுத்தமான குடிநீர் தாருங்கள் என்று வீதிக்கு வந்த மக்கள்மீது இராணுவம் சுட்டது. மூவர் இறந்தார்கள். தாகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சாதி நின்றிருக்கிறது, முதலாளியின் கடிகாரம் நின்றிருக்கிறது, துப்பாக்கியும் நின்றிருக்கிறது. எட்டுக் கிளாஸ் என்று சொல்லும் சுவரொட்டியில் இவற்றுக்கு இடமில்லை. அதில் ஒரு கிளாஸ் படமும் ஒரு சிரித்த முகமும்தான்.

தனியாளின் பழக்கமாகச் சுருக்கிச் சொல்லப்பட்ட உடல்நலம், குற்றத்தையும் தனியாளிடமே இறக்கிவைக்கிறது. சிறுநீரகம் பழுதானவர் கிளினிக்கில் தலைகுனிந்து, “தண்ணி குடிக்கிறது குறைவுதான் டொக்டர்” என்கிறார். ஒப்புக்கொள்வது அவர். ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் அந்த அறையிலேயே இல்லை.

தம்புள்ளையில் இதை மாற்ற இன்னோர் அணை கட்டவேண்டியதில்லை. சந்தையின் ஒவ்வொரு வரிசைக்கும் பரிசோதித்த நீர் வரும் ஒரு குழாய், பரிசோதனை முடிவு மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை. இரவிலும் திறந்திருக்கும், உள்ளிருந்து பூட்டக்கூடிய பெண்கள் கழிப்பறை. வெங்காய வயலின் ஓரத்தில் நாலு கம்பும் ஒரு தறப்பாளும் மூடியுள்ள ஒரு கானும். இவற்றுக்கு மேலாக, இடைவேளை கூலியில் சேரும் என்ற ஒரு வரி. முதல் மூன்றுக்கும் செலவு அற்பம். நாலாவதுதான் கசக்கும்; நோயைக் குறைப்பதும் அதுதான்.

அதுவரைக்கும் ஒரு சிறு வேலையை நாளைக்கே தொடங்கலாம். எவ்வளவு குடிக்கிறீங்க என்று கேட்கும் மருத்துவர் இன்னும் மூன்று கேள்வி கேட்கட்டும்: வேலை இடத்தில் கழிப்பறை இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, கூலி நாட்கணக்கா மூட்டைக்கணக்கா? பதில்களை அப்படியே கிளினிக் கொப்பியில் எழுதட்டும். நூறு கொப்பிகளில் ஒரே பதில் சேர்ந்தால், அது நூறு பேரின் சோம்பலாக இருக்க முடியாது. அந்தக் கொப்பிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு மாநகர சபைக்கும் சந்தை நிர்வாகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் போகலாம். அங்கே இருப்பவர்களிடம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லவேண்டியதில்லை. குடிக்க விடுங்கள் என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கலாம்.